மசோதா 417-ம் ஒரு பட்டை ரோலும்

அனுப்புநர்: வென்செல் டுபெக், மசோதா அனுப்புகைப் பிரிவு (அதாவது நானும் ஒரு மேசையும்), செனட், மாநிலத் தலைநகர்.

பெறுநர்: பிராடெக் ஊரின் ஒரே ஆம்புலன்ஸை ஓட்டும் ஒரே வீராங்கனை, என் அக்கா மகள் லுட்மிலா அவர்கள்.

பொருள்: மசோதா எண் 417, ஒரு பட்டை ரோல், என் மானம் ஆகியவற்றின் தற்போதைய நிலை குறித்து.

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள லுட்மிலா,

இங்கே நானும் பனியும் வாயிற்படி வழுக்கலும் நலம். அங்கே நீயும், உன் அம்மாவும், உன் அம்மாவின் இதயமும், உன் ஆம்புலன்ஸின் பின்கதவும் நலம்தானே? அந்தக் கதவை இன்னும் கயிறு போட்டுத்தான் கட்டுகிறாயா? நல்லது. கயிறு அவிழாதவரை கதவும் கதவுதான்.

முதலில் ஒரு கட்டளை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் அடுப்பில் போட்டு எரித்துவிடு. சாம்பலைக் கோழிக்கூண்டில் கொட்டிவிடு. உன் அம்மாவிடம் மூச்சு விடாதே. அவளுக்குத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குத் தெரியும், தேவாலயத்துக்குத் தெரிந்தால் கடவுளுக்குக்கூட அப்புறம்தான் தெரியும்.

உன் மாமாவின் உத்தியோகம் உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அதன் மகிமையை ஒருமுறை நினைவூட்டாமல் மேலே போக என் பேனா மறுக்கிறது. இந்த மாநிலத்தில் ஒரு பசு எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று ஒரு மசோதா வந்தாலும், அது விவசாயக் குழுவுக்கா போக்குவரத்துக் குழுவுக்கா என்று முடிவு செய்து முத்திரை குத்துபவன் நான். ஆளுநர்கள் ஏழு பேர் வந்தார்கள், போனார்கள். முத்திரை என் கையில்தான் இருந்தது. முப்பத்தோரு ஆண்டுகளில் ஒரு தாள்கூட வழிதவறியதில்லை என்று பித்தளைத் தகட்டில் பொறித்து என் மேசையில் வைத்திருக்கிறார்கள். மே மாதம் ஓய்வு பெறும்போது அந்தத் தகட்டை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று வாய்மொழியாக அனுமதியும் கிடைத்திருக்கிறது.

மசோதாக்கள் நீல உறையில் வரும். பழுப்பு உறையில் வருவது துறைகளின் ஆண்டறிக்கை. கோழி வாரியம், முடிதிருத்துவோர் வாரியம், எடைக்கல் அலுவலகம் என்று எல்லோரும் ஆண்டுக்கொரு அறிக்கை தந்தே ஆகவேண்டும், அது சட்டம். அதை யாராவது படித்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வாசிப்பாளர் பெர்ட்ரண்ட் தன் கண்டாமணிக் குரலில் தலைப்பை மட்டும் வாசிப்பார், அவைத் தலைவர் "பெறப்பட்டது" என்பார், நான் முத்திரை குத்துவேன், அறிக்கை அடித்தளத்துக்கு இறங்கிப்போய் உலக முடிவு வரை உறங்கும். ஒருமுறை முடிதிருத்துவோர் வாரியம் நாற்பது வெற்றுத்தாள்களை அட்டை போட்டு அனுப்பிவிட்டது. அந்த ஆண்டு அறிக்கை சுருக்கமாக இருந்ததாகப் பாராட்டித் தீர்மானமே போட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வியாழன் மசோதா தாக்கலுக்குக் கடைசி நாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் எண்ணும் உறையும் பெறாத மசோதா அடுத்த ஆண்டுதான் பிறக்க முடியும். அதனால் ஆண்டு முழுக்கத் தூங்கிய முப்பத்து மூன்று செனட்டர்களும் அன்று ஒரே வாசல் வழியாக என் மேசைக்கு வந்தார்கள். நூற்றெண்பது மசோதா, ஒரே மூச்சில்! கடைசி நாளின் வழக்கப்படி கேண்டீனில் எல்லோருக்கும் சில்லி என்ற காரமான பீன்ஸ் குழம்பும், இலவங்கப்பட்டை தூவிச் சுருட்டிய இனிப்பு ரொட்டியான பட்டை ரோலும். சில்லிக் கிண்ணத்தில் பட்டை ரோலைத் தோய்க்காமல் இந்த மாநிலத்தில் எந்தச் சட்டமும் பிறந்ததில்லை, பிறக்கவும் கூடாது. என் பட்டை ரோலின் தலையில் வழிந்த சர்க்கரைப் பாகு இருக்கிறதே, அது பாகல்ல, தச்சர்கள் தேடும் பசை. அதன்மேல் ஒரு நீல உறையும் ஒரு பழுப்பு உறையும் போய் உட்கார்ந்துகொண்டன. பிய்த்தேன். இரண்டு உறைகளின் வயிற்றிலிருந்த தாள்களும் என் மடியில் கொட்டின. எதிரே பதினான்கு செனட்டர்கள் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் தாள்களைத் துடைத்து, திரும்ப உறையில் இட்டு, பிறழாத கையால் இரண்டு முத்திரை குத்தினேன்.

நீல உறையின்மேல் என்ன எழுதியிருந்தது தெரியுமா லுட்மிலா? மசோதா 417. உன் மசோதா. இரண்டு பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்கள் இல்லாத சிற்றூர்களில் அத்தகைய உதவியாளர் ஒருவரும் ஓர் ஓட்டுநரும் மட்டுமே ஆம்புலன்ஸை இயக்கலாம் என்ற சலுகை ஜூன் முப்பதோடு முடிகிறதே, அதை நீட்டிக்கும் மசோதா. அந்த உறை சரியாகச் சுகாதாரக் குழுவுக்குப் போய்விட்டது. ஆனால் அதன் வயிற்றில் இருப்பது களைக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆண்டறிக்கை. உன் மசோதாவோ பழுப்பு உறைக்குள் களை என்ற பெயரில் அடித்தளத்தில் உறங்குகிறது.

வெள்ளிக்கிழமை அச்சகம் 417-ஐ அச்சிட்டு ஒவ்வொரு செனட்டர் மேசையிலும் வைத்துவிட்டது. அப்போதுதான் நானே பார்த்தேன். நான்காம் பத்தி என்ன சொல்கிறது என்றால், "சாலையோரத்தில் தென்படுபவற்றை உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திராமல், பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும்." மேலே கொட்டை எழுத்தில் ஆம்புலன்ஸ் என்று தலைப்பு! யாராவது படித்துவிட்டால் உன் கதி என்ன, என் தகட்டின் கதி என்ன? ஆனால் இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை. செனட்டர் ஸ்ட்ரவுட் அதன்மேல் காபிக் கோப்பையை வைத்திருக்கிறார்.

உடனே அடித்தளத்துக்கு ஓடினேன். அங்கே ஆவணக் காப்பாளர் ஹார்டென்ஸ் அக்கா. எண்பது வயது, ஓய்வு பெறச் சொல்லும் உத்தரவைக் கோப்பில் வைத்துப் பூட்டிவிட்டதால் இன்னும் வேலையில் இருக்கிறாள்.

"என்ன வென்செல், சூரியன் பக்கம் வழி தெரியலையா? இங்க இறங்கிட்ட?"

"ஒண்ணுமில்லக்கா, களை வாரியத்தோட அறிக்கையை ஒரு பார்வை பாக்கணும்."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "அறிக்கையைப் பாக்கணுமா? எதுக்கு?"

"படிக்கத்தான்."

"உடம்புக்கு என்ன தம்பி? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"அக்கா, ஒரே ஒரு நிமிஷம், உறையைத் திறந்து…"

"செனட்டோட செயலாளர், அவைத் தலைவர், துறைத் தலைவர், மூணு கையெழுத்து. உள்ள வந்த தாள் வெளிய போறதுன்னா அவ்வளவுதான் சட்டம். உங்கப்பாவே வந்து கேட்டாலும் அதேதான்."

"எங்கப்பா செத்துப் பதினெட்டு வருஷமாச்சுக்கா."

"அப்ப அவருக்கு அவசரம் இல்லை. உனக்கென்ன அவசரம்?"

மூன்று கையெழுத்து வாங்க வேண்டுமென்றால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் தகடு போகும். சரி, தகடு போனால் போகட்டும், அவைத் தலைவரிடம் சொல்லி அவையிலேயே திருத்தலாம் என்றால், அதற்கு ஒரு செனட்டர்கூட ஆட்சேபிக்கக் கூடாது. அங்கேதான் ஸ்ட்ரவுட் என்ற கழுதை குறுக்கே படுத்திருக்கிறது. காலைப் பிரார்த்தனை நீளம் என்று ஆட்சேபித்தவர், சுருக்கினால் அதற்கும் ஆட்சேபித்தவர், தன் பிறந்தநாளுக்கு அவை வாழ்த்துச் சொன்னபோது அதற்கும் ஆட்சேபித்தவர்.

லுட்மிலா, விளையாட்டுக்கு எழுதவில்லை. போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், உன் அம்மா அடுக்களையில் சாய்ந்த அன்று, அறுபத்திரண்டு மைல் பனியில் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீயும் அந்தக் கயிறு கட்டிய கதவும்தான். ஜூலை முதல் தேதி அந்த வண்டி கொட்டகையில் பூட்டப்படுமானால், பூட்டியது ஒரு பட்டை ரோல் என்று எந்த முகத்தோடு என் அக்காவிடம் சொல்வேன்? ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. (சில்லி இறங்குகிறது. ரோலைத் தொடவில்லை.)

ஆனால் உன் மாமா சும்மா இருப்பவனல்ல. வழி கண்டுபிடித்துவிட்டேன். தாள் தவறே தவிர, எண் உயிரோடு இருக்கிறது. எண் உயிரோடு இருக்கும் மசோதாவின் வயிற்றில் உள்ளதையெல்லாம் அடித்துவிட்டு வேறு வாசகத்தைச் சேர்க்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. யாராவது வந்து கேட்கத்தான் வேண்டும். குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் விசாரணையில் ஊழியர்கள் வாய் திறக்கக் கூடாது, ஆகவே நீ. வரும் வியாழன் பகல் ஒன்றரை மணிக்கு விசாரணை. உன் மசோதாவின் வாசகம் எனக்கு மனப்பாடம் என்பதால் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். நீ எழுந்து, களை என்ற சொல்லே காதில் விழாதவள்போல, "உள்ளதை அடித்துவிட்டு இதைச் சேர்க்க வேண்டுகிறேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிடு. குழுத் தலைவர் செனட்டர் அல்தியா டிரம்மண்ட் விசாரணை நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். யோசிப்பதாகச் சொல்லுவார், யோசனை சில சமயம் குறட்டையாக வெளிவரும். ஸ்ட்ரவுட்டும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். அவர் வாயை அடைக்க மூன்று டஜன் கொலாச்சி கொண்டு வா. பிளம் பழக்கூழ் வைத்த அந்த இனிப்பு ரொட்டிதான். வாய் நிறைய இருக்கும்போது மனிதன் ஆட்சேபிக்க முடியாது.

இதை எழுதி முடிக்கும்போது என் மார்பு கொஞ்சம் லேசாகிறது. நீயும் உன் வண்டியும் நூறாண்டு ஓடுங்கள். உன் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும் (கடிதத்தை எரிக்க வேண்டும்). உன் அம்மாவின் இதயத்துக்கு என் தனிப்பட்ட வணக்கங்கள்.

இப்படிக்கு,
முப்பத்தோராண்டுப் பிழையின்மையின் கடைசி நிழலில் நிற்கும்
உன் மாமா வென்செல்

பின்குறிப்பு, புதன்கிழமை, காலை பதினொன்றரை:

நேற்று இந்தக் கடிதத்தை எழுதி முடித்து, உறை வாங்க அஞ்சல் அறைக்குப் போனேன். போகும்போது இதை மேசைமேல் இருந்த தட்டில் வைத்தேன். அது அறிக்கைத் தட்டு. நான் எழுதியது அலுவலகப் பழுப்புத் தாளில். திரும்பி வந்ததும் ஏதோ தொலைபேசி. பேசிக்கொண்டே, வழக்கம்போல, தட்டிலிருந்ததற்கெல்லாம் முத்திரை குத்தினேன். ஒரு தாளில் "417" என்று கண்ணில் பட்டது. சுகாதாரக் குழு என்று குத்தினேன். நானும்தான் எதையும் படிப்பதில்லை, லுட்மிலா!

இன்று காலை அவையில் பெர்ட்ரண்ட் கண்டாமணிக் குரலில் வாசித்தார்: "வென்செல் டுபெக் அவர்களிடமிருந்து. பொருள்: மசோதா எண் 417, ஒரு பட்டை ரோல், என் மானம் ஆகியவற்றின் தற்போதைய நிலை குறித்து." ஒரு தலை நிமிரவில்லை. ஸ்ட்ரவுட் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். அவைத் தலைவர் "பெறப்பட்டது, சுகாதாரக் குழுவுக்கு அனுப்பப்பட்டது" என்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பத்தரை மணிக்கு செனட்டர் அல்தியா என் மேசைக்கே வந்துவிட்டார். கையில் என் கடிதம்.

"டுபெக், இது நீங்க எழுதினதா?"

"கையெழுத்து என்னுது மாதிரிதான் இருக்கு மேடம்."

"பதினாறு வருஷமா இந்த அவையில இருக்கேன். முழுசாப் படிச்ச முதல் அறிக்கை இதுதான்."

"எப்படி இருந்துச்சு மேடம்?"

"நடுவுல கொஞ்சம் இழுவை. அப்புறம், நான் தூங்கறதில்லை. யோசிக்கிறேன்."

"அதைத்தானே மேடம் நானும் எழுதியிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆறாம் பக்கத்தைப் பிரித்து, உன் அம்மா விழுந்த இடத்தில் விரலை வைத்தார். "இவங்க இப்ப எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க மேடம். எல்லாரையும் திட்டற அளவுக்கு."

"அந்த இணைப்புத் தாளை நானே நாளைக்குத் திருத்தமா வெக்கிறேன். உங்க அக்கா பொண்ணு பனியில நூத்தம்பது மைல் வண்டி ஓட்டிட்டு வர வேண்டாம். அந்த நேரத்துல அங்க யாருக்காவது வண்டி தேவைப்படும். கொலாச்சி மட்டும் பஸ்ஸில போட்டு அனுப்பச் சொல்லுங்க."

பிறகு என் பித்தளைத் தகட்டை எடுத்துப் பார்த்து, மெதுவாகக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். திருத்தத்தில் கூடவே ஒரு புதுப் பிரிவும் சேர்க்கிறாராம்: மசோதா அனுப்புகை எழுத்தர், ஓய்வு பெற்றாலும் பெறாவிட்டாலும், தன் பிழைகள் குறித்து ஆண்டுதோறும் செனட்டுக்கு அறிக்கை அளிக்க வேண்டும். அதை அவர் படிப்பாராம்.

ஆகவே மேலே சொன்ன அனைத்தும் ரத்து. நீ வர வேண்டாம். எழுந்து நிற்க வேண்டாம். எதையும் கேட்க வேண்டாம். முக்கியமாக, எரிக்கவும் வேண்டாம். மூலக் கடிதம் மூன்று கையெழுத்து இல்லாமல் வெளியே வராது என்று ஹார்டென்ஸ் அக்கா பூட்டிவிட்டதால், உன் கையிலிருப்பது அரக்கு முத்திரையிட்ட சான்றுப் பிரதி. அதை அடுப்பில் போட்டால் அரசு ஆவணத்தை அழித்த குற்றத்துக்கு உன்னை உள்ளே தள்ளிவிடுவார்கள். அப்புறம் வண்டியை யார் ஓட்டுவது?