ஆதார அக்காவும் அப்பாவின் கிழிந்த கடிதமும்

ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் ஒரு கடதாசியைக்கூட நம்பாத ஒரே தமிழ் மனிசி ஆதார அக்காதான். கல்யாண அழைப்பிதழ் கொடுத்தாலும் பென்சிலால் குறிப்பெழுதித் திருப்பித் தருவா: "திகதி இருக்கு, ஆண்டு இல்லை. எழுதினது மாப்பிள்ளை வீடு. பொம்பிளையின்ரை சம்மதத்துக்கு இதில ஆதாரம் இல்லை."

அவவின் சொந்தப் பெயர் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. ஊரில் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவ. இங்கே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தின் பின்னறையில், பழைய கையெழுத்துகளை ஆராய்வது எப்படி என்று வளர்ந்த ஆட்களுக்கு வகுப்பு எடுப்பா. நான் பஸ் ஓட்டுகிறவன். நோட்டீசில் 'கையெழுத்து வகுப்பு' என்று கிடந்ததைப் பார்த்து, என் கோணல் எழுத்தைத் திருத்தப் போய் மாட்டிக்கொண்டேன்.

முதல் நாள் ஓர் ஏட்டின் படம் தந்தா. பழைய ஏட்டில் புள்ளி கிடையாது, 'கொ'வும் 'கோ'வும் ஒன்றுபோல இருக்கும். ஒரு சொல்லை நான் 'கொட்டை' என்று வாசித்தேன். பக்கத்தில் இருந்த மன்னார் செல்வி அக்கா 'கோட்டை' என்றா. அரசன் தானம் கொடுத்தது கோட்டையா, புளியங்கொட்டையா? மூன்று சனிக்கிழமை சண்டை.

"அக்கா, எது சரியெண்டு நீங்களே சொல்லுங்கோவன்."

"எனக்கும் தெரியாது."

"அப்ப என்னத்தைப் படிப்பிக்கிறியள்?"

"தெரியாதெண்டதை ஒழுங்காச் சொல்லத்தான். ஆர் எழுதினது, ஆருக்கு எழுதினது, மற்ற வரியள் என்ன சொல்லுது எண்டு பாருங்கோ. பிறகு வாயைத் திறவுங்கோ."

அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிக்கொண்டது. வேலையிடத்தில் ஷிஃப்ட் அட்டவணையைக் காட்டி, "இதை எழுதியவரின் நோக்கம் என்ன?" என்று மேலதிகாரியைக் கேட்டேன். எழுதியவரே அவர்தான். அவருக்கும் தெரியவில்லை.

அந்தத் துணிவில்தான் அப்பாவின் கடிதத்தை வகுப்புக்குக் கொண்டுபோனேன். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அகதி முகாமில் இருந்து அம்மாவுக்கு அவர் எழுதியது. அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தா. அண்ணை எட்டு வருடம் யாழ்ப்பாணத்தில் மாமா வீட்டில் நின்றுவிட்டுத்தான் வந்தார். ஏன் என்று அம்மா சொன்னதேயில்லை. அப்பா, அம்மா இரண்டு பேரும் காலமானபிறகு, அம்மாவின் பெட்டியில் கடிதம் கிடைத்தது. 'பெரியவனையும் கூட்டிவர வேண்' என்பதோடு மடிப்புக் கிழிந்திருந்தது. வேண்டுமா, வேண்டாமா? புத்தியில்லாமல் அந்த ஒரு வரியை மட்டும் படமெடுத்து, கெல்சென்கிர்ச்சன் நகரில் இருக்கும் அண்ணைக்கு அனுப்பினேன். "அப்பாவுக்கு வேண்டிய பிள்ளை நீதான். இனி என்ரை வாசலுக்கு வராதை" என்றார். நாலு வருடமாகப் பேச்சில்லை.

ஆதார அக்கா கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தா, மணந்து பார்த்தா, கடைசியில் கீழே ஒரு வரியில் விரலை வைத்தா. 'பெரியவன்ரை கால் அளவைக் கடதாசியில் கீறி அனுப்பு. குளிருக்குச் சப்பாத்து வாங்கி வைக்கிறன்.'

"அப்ப வரச் சொல்லித்தானே எழுதியிருக்கிறார்?"

"அப்பிடி முடிவு கட்ட ஏலாது. ஊருக்கு அனுப்பவும் நினைச்சிருக்கலாம்."

"யாழ்ப்பாணத்தில குளிரோ அக்கா?"

"அதையும் யோசிக்கோணும்."

அடுத்த சனி வகுப்பை நிறுத்திவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ரயிலேறினா. அண்ணை கதவைத் திறந்ததும் அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தம்பி, நீங்கள் ஒரு வரியை வைச்சுத் தீர்ப்புச் சொல்லிப்போட்டியள்."

அண்ணை என்னைப் பார்க்காமலே கடிதத்தை வாங்கினார். சப்பாத்து வரியில் கண் நின்றது.

"அம்மா என்ரை காலைக் கொப்பி ஒற்றையில வைச்சுக் கீறினவ," என்றார். "ஏனெண்டு கேட்டனான். சொல்லேல்லை."

பிறகு அழுதார். நானும் அழுதேன்.

"அப்ப அப்பா என்னை வரச் சொன்னவர்தானே, அக்கா?"

"நிச்சயமாச் சொல்ல ஏலாது."

"பிறகேன் அம்மா என்னை விட்டிட்டு வந்தவ?"

"அது இந்தக் கடிதத்தில இல்லை, தம்பி."

கண்ணைத் துடைத்தபடியே அண்ணை சிரித்துவிட்டார். "எங்கையடா பிடிச்சனி இந்த மனிசியை?" நாலு வருடத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

திரும்பும் ரயிலில், சவர்க்காரத்தில் வெடித்த கைகளை மடியில் வைத்தபடி அக்கா நித்திரையாகிவிட்டா. நாங்கள் மாறவேண்டிய நிலையம் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. நிலையத்தைப் போகவிட்டேன்.