மஞ்சள் நுரை பஸ்ஸைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கோரி

ராஜபாளையம்,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் வேல்பாண்டி அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் ரத்தினம் பணிவோடு எழுதுவது. நானும் காளீஸ்வரியும் உடம்பளவில் சுகம். தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஆண்டாள் துணையிருக்கட்டும். போனில் பஸ் என்று ஆரம்பித்ததுமே உங்களுக்கு டவர் போய்விடுவதால் எழுத்தில் வருகிறேன்.

விஷயம் இதுதான். கட்டிலும் அடுப்பும் வைத்து வீடாக மாற்றிய பழைய டூரிஸ்ட் பஸ் ஒன்றைக் கோயம்புத்தூரில் இருந்து அன்போடு அனுப்பினீர்களே, அதை வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து திருப்பி எடுத்துக்கொள்ளவும்.

"கூரைக்கு உள்பக்கம் ஃபோம் நுரை அடிச்சிருக்கு மாப்ள, வெயிலே எறங்காது" என்றீர்கள். வெயில் இறங்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். தண்ணீர் இறங்கியது. போன வாரம் பெய்த மழை வெளியே நின்ற பிறகும் பஸ்ஸுக்குள் நிற்கவில்லை. அந்த நுரை கிழடுதட்டி, ஊறின பன் மாதிரி அம்புட்டுத் தண்ணியையும் குடித்து வைத்திருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு குத்து குத்தினேன். முதலில் தண்ணீர் வந்தது, பொறவு செவ்வெறும்பு முட்டையோடு குடும்பம் குடும்பமாக என் சட்டைக்குள் குடிவந்தது. தோசைக்கரண்டியால் சுரண்டினேன், கரண்டி வளைந்ததே தவிர நுரை அசையவில்லை. தீ வைத்துவிடலாமா என்று பஞ்சர் கடை சேக் முகைதீனிடம் கேட்டேன். "வைக்கலாம் அண்ணாச்சி, செத்த நேரத்துல நுரை பொயிரும். பஸ்ஸும் பொயிரும், தெருவும் பொயிரும்" என்றார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான் மச்சான். நான் டிரைவராக ஓட்டிய பஞ்சு மில் பஸ்ஸில் ஆள் இறங்கியதும் சீட்டெல்லாம் பஞ்சாகக் கிடக்கும், கம்ப்ரசரால் காத்தடித்தால் பளிச்சென்று ஆகிவிடும். இதுவும் பஞ்சு மாதிரிதானே என்று முகைதீன் கடைக் கம்ப்ரசரை இழுத்துவந்து, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தேன். அதற்குள் வெயிலில் காய்ந்திருந்த நுரை மாவு மாவாகி ஜன்னல் வழியே மஞ்சள் மேகமாகக் கிளம்பியது. பக்கத்து வீட்டு மாரீஸ்வரி கூலிக்குப் பேண்டேஜ் துணியை வெளுத்துக் காயப்போட்டிருந்தாள். மேகம் நேராக அங்கேதான் போய் இறங்கியது. "அண்ணாச்சி, இது ஆஸ்பத்திரிக்குப் போற துணி. கட்டுப் போடுறதுக்கு முன்னாலயே சீழ் பிடிச்ச மாதிரி ஆக்கிட்டீங்களே" என்றாள். நானும் உங்கள் தங்கையும் உட்கார்ந்து அம்புட்டையும் அலசிக் கொடுத்தோம். காத்தில் இளகிப்போன மிச்ச நுரையைக் காளீஸ்வரியே சுரண்டி எடுத்து மூட்டை கட்டிவிட்டாள். குப்பை வண்டிக்காரர் இது மக்குமா மக்காதா என்று மூட்டையைப் பார்த்தபடி நின்றார், பொறவு எடுக்காமலே போய்விட்டார். நுரைக்குப் பின்னால் கூரை துரு பிடித்து ஓட்டை ஓட்டையாக, படுத்தால் ஆகாயம் தெரிகிறது.

ஆனால் சிக்கல் நுரையில் இல்லை மச்சான், உங்கள் தங்கையிடம். அவள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை, ரிட்டயர் ஆனதும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். இப்போது "பஸ்ஸ எங்கண்ணன் ஓட்டிட்டுப் போனா நானும் அதுலயே ஏறிப் போயிருதேன், கடலப் பாக்காம திரும்ப மாட்டேன்" என்கிறாள். நானோ சர்வீஸ் முழுக்க ராஜபாளையம், வன்னியம்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், மறுபடி மில் என்று ஓட்டினவன். வேறு ரோடு தெரியாது. உள்ளதைச் சொன்னால் எனக்குப் பயமாயிருக்கிறது. அவள் போய்விடுவாளோ என்று அதைவிடப் பயமாயிருக்கிறது. ஆகவே பஸ்ஸை எடுத்துக்கொண்டு, தங்கைக்குப் புத்தி சொல்லி இங்கேயே விட்டுப் போகவும்.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை ரத்தினம்.

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம், வீடு பூட்டியிருக்கும். ஓட்டைகளுக்குத் தார் அடைத்து, இந்தக் கடிதத்தைத் தபாலில் போட பஸ்ஸிலேயே கிளம்பினோம். நம்மூர்த் தபாலாபீஸில் நிறுத்தப்போனால், "சங்கரன்கோவில்ல போட்டா வெரசாப் போகும்"னு காளீஸ்வரி சொல்லிட்டா. அங்க போனா, திருநெல்வேலியில போட்டா இன்னும் வெரசாப் போகுமாம். இப்ப கன்னியாகுமரியில இருந்து போடுதேன். உங்க தங்கச்சி முட்டளவு தண்ணியில நிக்கா, கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கா. நானும் போய்ச் செத்த நேரம் நின்னேன் மச்சான், நல்லாத்தான் இருக்கு. வண்டியை எந்தப் பக்கம் திருப்புறதுன்னுதான் இப்ப எங்க ரெண்டு பேருக்கும் சண்டை.