வெர்னியர் சாரின் பதினொரு கூழாங்கற்கள்

எங்கள் ஔந்த் குடியிருப்பில் சும்மா இருக்கத் தெரிந்த ஒரே மனிதர் வெர்னியர் சார்தான். நாமெல்லாம் சும்மா இருப்பதாக நினைத்துக்கொண்டு போனைத் தடவுகிறோம், ரிமோட்டை அமுக்குகிறோம், பெண்டாட்டியிடம் ஏதாவது சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். அவர் சும்மா இருந்தால் நிஜமாகவே சும்மா இருப்பார். அதற்கென்று ஒரு படிவமே வைத்திருந்தார். அந்தப் படிவத்தில்தான் நான் பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டேன்.

தளேகாவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வெர்னியர் என்கிற அளவுக் கருவி இன்னமும் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் இருக்கும்; நாங்கள் வைத்த பெயரும் அதிலிருந்து வந்ததுதான். என் மனைவி வசந்தி ஒருநாள் ஆசையாக அடை கொண்டுபோய்க் கொடுத்தாள். கருவியை வைத்து அளந்துவிட்டு, "நடுவுல நாலு மில்லிமீட்டர், ஓரத்துல ஆறு. கொஞ்சம் கவனிம்மா" என்றார். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டு உப்புமாதான். அதை அளக்க முடியாதல்லவா!

இப்பேர்ப்பட்டவர் தென்னாப்பிரிக்க விதைகளை வரவழைத்து முளைக்கப் போட்டார். லித்தாப்ஸ் என்று பெயர். தடித்த இலை இரண்டே இரண்டு, நடுவில் ஒரு பிளவு. பாலைவனத்தில் கூழாங்கல் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்குமாம். எத்தனை வளர்ந்தாலும் கட்டைவிரல் நுனி அளவுதான். விதையோ மூக்குப்பொடி. பல்குத்தும் குச்சியின் நுனியை நனைத்து, ஒவ்வொன்றாக ஒற்றியெடுத்து மணலில் வைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனவன், புழுக்கமாக இருக்கிறதே என்று ஸ்விட்சைத் தட்டினேன்.

"அரே! பங்காவ பந்த் பண்ணுங்க மூர்த்தி!"

மின்விசிறி நிற்பதற்குள் பாதி விதை பறந்துவிட்டது. மனுஷர் அசரவில்லை. அறையின் தூசி முழுவதையும் பிரஷ்ஷால் கூட்டி இன்னொரு தொட்டியில் விதைத்தார். அதில் ஒன்றே ஒன்று முளைத்தது. தினமும் காலையில் அதை அளந்து நோட்டில் குறித்தார். வசந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது முளைக்கீரை" என்றாள்.

மழைக்காலத்தில் கூத்து இன்னும் பெரிசு. சாரல் அடித்தால் பால்கனியில் குடையோடு நிற்பார். குடை செடித் தட்டுக்கு, மழை அவருக்கு. இப்படி நாலு வருஷம் காப்பாற்றியதில் மிஞ்சியவை பதினொன்று.

"இந்த வருஷம் பூக்கும் மூர்த்தி. நான் விதைச்சதுல ஒரு பூவாவது பாத்துடணும்" என்பார்.

மார்ச்சில் அவருக்கு இருதய ஆபரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் தட்டை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு படிவம். தேதி, செய்த வேலை, கையெழுத்து என்று மூன்று கட்டம்.

"இப்போ பழைய இலை வாடும். அதோட சாறைக் குடிச்சுத்தான் உள்ள இருக்கற புது இலை வரும். ஒரு சொட்டு தண்ணி பட்டாலும் அழுகிடும். தினம் 'ஒன்றும் செய்யவில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"ஒண்ணும் செய்யாததுக்கு எதுக்கு சார் கையெழுத்து?"

"போடலேன்னா மனுஷன் ஏதாவது செஞ்சுடுவான்."

எட்டு நாள் ஒழுங்காகப் போட்டேன். ஒன்பதாம் நாள் ஆபரேஷன். மதியம் அவர் மகள் போனில் அழுதாள்: "அப்பாவ இன்னும் வெளிய கொண்டு வரல அங்கிள்." பால்கனியைப் பார்த்தேன். பதினொன்றும் சுண்டைக்காய் வற்றலாகச் சுருங்கிக் கிடந்தன. அவர் அங்கே அப்படி, இதுகள் இங்கே இப்படி.

வசந்தி கறிவேப்பிலைச் செடிக்காக அரிசி களைந்த தண்ணீரோடு வந்தாள். "பாவம்ங்க, வாயில்லா ஜீவன். ஒரு வாய் ஊத்துங்களேன்" என்றாள். ஒரு டம்ளர் ஊற்றினேன். சாயங்காலம் சார் கண் திறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. என்னால்தான் பிழைத்தார் என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆனால் படிவத்தில் 'ஒன்றும் செய்யவில்லை' என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரே வாரத்தில் ஒன்பது செடி கூழாகிவிட்டது. சொன்னவள் குற்றமா ஊற்றியவன் குற்றமா என்று எங்கள் வீட்டில் வழக்கு இன்னும் முடியவில்லை.

திரும்பி வந்த சார் தட்டைப் பார்த்தார். படிவத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"எல்லா நாளும் எழுத்து ஒரே அளவு. இங்க மட்டும் நடுங்கியிருக்கு. என் ஆபரேஷன் அன்னிக்கு."

"ஆமா சார்."

"என்ன ஊத்தினீங்க?"

"அரிசி களைஞ்ச தண்ணி."

எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. அவர் கருவியை எடுத்து மிச்சமிருந்த இரண்டையும் அளந்தார். "விதை புடிக்க ரெண்டு செடி வேணும். கரெக்டா ரெண்ட விட்டு வெச்சிருக்கீங்க" என்றார்.

அக்டோபரில் இரண்டும் பூத்தன. செடியைவிடப் பெரிய மஞ்சள் பூ! பிரஷ்ஷால் மகரந்தத்தை மாற்றிமாற்றித் தொட்டு வைத்தார். அடுத்த ஜூனில் என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு காய்ந்த காய், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. மருந்து சொட்டுவிடும் குழாயை என் கையில் கொடுத்தார்.

"இது தண்ணி பட்டாத்தான் திறக்கும். ம், ஊத்துங்க."

"நானா சார்?"

"அந்த வேலையில உங்களுக்குத்தானே அனுபவம்?"

ஒரு சொட்டு விட்டேன். சற்று நேரத்தில் காய் மெதுவாக நட்சத்திரம் போல விரிந்தது. உள்ளே பொடிப்பொடியாக விதை. சார் சட்டைப் பையிலிருந்து அதே படிவத்தை எடுத்து நீட்டினார். 'ஒரு சொட்டு ஊற்றினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இன்னிக்கும் நடுங்குது. பரவால்ல, இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ்."

எனக்கு அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நடுவில் விதை இருந்ததால், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சும்மா நின்றேன்.