றைற் அண்ணை ஏற முடியாமல் நின்ற பஸ்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் றைற் அண்ணை ஏறாத பஸ் கிடையாது. ஏற முடியாமல் நின்ற பஸ் ஒன்றே ஒன்றுதான். அது என் கடைக் கொம்பியூட்டருக்குள் நின்றது.

நான் சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் கொம்பியூட்டர் திருத்துகிறவன். றைற் அண்ணை முப்பது வருஷம் சுன்னாகம் - யாழ்ப்பாணம் தனியார் பஸ்ஸில் நடத்துநர். பஸ்ஸை எடுக்கச் சொல்லி "றைற்!" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது; சொந்தப் பெயரை வீட்டுக்காரரே மறந்திருப்பார்கள். வேலையை விட்ட பிறகும் அவருக்குள் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில், "உள்ளுக்கை போங்கோ, நடுவிலை இடம் கிடக்கு!" என்று ஆட்களை நகர்த்துவார். ஒருமுறை தேர்த் திருவிழாவில் வடத்தைப் பிடித்துக்கொண்டு சனம் நின்றபோது, பழக்கதோசத்தில் "றைற்!" என்று கத்திவிட்டார். தேர் நகர்ந்துவிட்டது. ஐயர் அப்போதுதான் தேங்காயைக் கையில் எடுத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கடைக்குள் வந்தார்.

"தம்பி, எனக்கொரு பஸ் கேம் போட்டுத் தா."

"ஆர் விளையாட, அண்ணை?"

"சோமண்ணைக்கு."

சோமண்ணை அவருடைய சாரதி. அதே பஸ், அதே முப்பது வருஷம். இப்போது ரொறன்ரோவில் மகளோடு இருக்கிறார். பாரிசவாதம் வந்து வலது கால் விழுந்துவிட்டது. லைசன்ஸையும் அங்கே வாங்கி வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மனிதர் அறையை விட்டு வருவதில்லை, ஒருவரோடும் கதைப்பதில்லை. மகள் ஒரு பஸ் ஓட்டும் கேமும், காலே தேவைப்படாமல் கையால் ஓட்டுகிற ஸ்ரியறிங் ஒன்றும் வாங்கி மேசையில் பூட்டினாள். தொட்டும் பார்க்கவில்லையாம். கடைசியில், இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாம் என்று அறிந்து, றைற் அண்ணைக்கும் அதே கேமை அன்பளிப்பாக அனுப்பியிருந்தாள்.

"ஐஞ்சு மணிக்கு நான் வாறன் எண்டு சொன்னாப் பிறகுதான் மனுசன் வந்து கதிரையிலை இருந்திருக்கிறார், தம்பி. பிந்தினால் எழும்பிப் போயிடுவார். போனால் பேந்து அந்தாளைக் கூப்பிடேலாது."

அப்போது நாலரை. அரை மணித்தியாலம் தாராளம் என்று நினைத்தேன். கேமைத் திறந்துவிடுகிற லோஞ்சர் என்ற புரோகிராம்களைப் பற்றி எனக்கே அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருந்திருக்கிறது!

கேமை வாங்கிய இணையக் கடையின் லோஞ்சரைத் திறந்தேன். முதலில் தன்னை அப்டேட் செய்தது. பிறகு 'விளையாடு' என்ற பொத்தானைக் காட்டியது. அழுத்தினேன். கேம் வரவில்லை. கேமைச் செய்த கம்பனியின் லோஞ்சர் வந்தது. அதுவும் தன்னை அப்டேட் செய்தது.

"உதோ பஸ்?"

"இல்லை அண்ணை, இது இன்னொரு லோஞ்சர்."

"அப்ப முதல் வந்தது?"

"அதுவும் லோஞ்சர்தான்."

அண்ணை எழும்பிவிட்டார். "யாழ்ப்பாணத்துக்கு ரிக்கற் எடுத்த சனத்தை வழியிலை மருதனார்மடத்திலை இறக்கி, பின்னாலை ஒரு பஸ் வரும், அதிலை ஏறுங்கோ எண்டு நான் ஒருநாள் சொல்லியிருப்பனோ? உரிச்சிருக்குங்கள் என்னை!"

புதிய லோஞ்சருக்குப் புதிய கணக்கு வேண்டுமாம். பெயர், மின்னஞ்சல், பிறந்த திகதி எல்லாம் அவரே சொல்லச் சொல்ல அடித்தேன். பிறகு ஒரு பெட்டி வந்தது. நீங்கள் மனிதர்தான் என்பதை நிரூபிக்க, பஸ் இருக்கும் படங்களைத் தெரிவு செய்யுங்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கேள்விக்கு உலகத்தில் இவரை விடத் தகுதியான ஆள் உண்டா?

"தள்ளு தம்பி," என்று மவுஸை வாங்கினார். தோற்றார். மூன்று தரம் தோற்றார்.

"அண்ணை, அந்த மூலைப் படத்தையும் அமத்துங்கோ."

"உது வான்."

"அவங்களுக்கு உதுவும் பஸ்தான்."

"ஆர் சொன்னாலும் உது பதினைஞ்சு சீற் வான். எத்தினை நாள் எங்கடை சனத்தை முன்னாலை ஓடி ஏத்திக்கொண்டு போனவங்கள்! உவங்களைப் போய்ப் பஸ் எண்டு நான் சொல்லுறதோ?"

அந்த நேரம் அவருடைய போன் அடித்தது. சோமண்ணையின் மகள். "மாமா, அங்கை ஐஞ்சு பத்தாச்சு. அப்பா மணிக்கூட்டைப் பாக்கிறார்."

றைற் அண்ணையின் முகம் சுருங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வானின் மேல் ஒரு அமத்து அமத்தினார். அந்தக் கணமே மனிதராக ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

"சோமண்ணைக்காண்டி," என்றார், யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல.

அதோடு முடியவில்லை. கேம் வாங்கிய கடையில் இருந்த கணக்கையும் இந்தப் புதுக் கணக்கையும் இணைக்க வேண்டும் என்றது. இணைக்கப் போனால், பிறந்த திகதி பொருந்தவில்லை என்றது.

"அண்ணை, ரெண்டு இடத்திலை ரெண்டு திகதியோ குடுத்தனீங்கள்?"

"ஓம். முதல் கணக்கைச் சோமண்ணையின்ரை பிள்ளை திறந்து தந்தது. அன்பாக் கேட்டுது, சாதகத்திலை இருக்கிற திகதியைச் சொன்னன். இவன் பொலிசுக்காரன் மாதிரிக் கேட்டான், அடையாள அட்டையிலை இருக்கிறதைச் சொன்னன்."

எங்கள் பகுதியில் அந்தக் காலத்து ஆட்கள் பலருக்கு இது உண்டு. பிறந்தது ஒரு நாள், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காகப் பதிந்தது இன்னொரு நாள்.

"அண்ணை, ஒண்டைச் சொல்லுங்கோ. எது உண்மை?"

"ரெண்டும் உண்மை. ஒண்டு கடவுளுக்கு, மற்றது அரசாங்கத்தின்ரை கச்சேரிக்கு. உவன் எந்தப் பக்கம் எண்டு முதலே சொல்லியிருந்தால் சோலியில்லையே!"

திகதியை மாற்றினேன். மாற்றியது நாங்கள்தானா என்று கேட்டு மின்னஞ்சலுக்கு ஒரு இலக்கம் அனுப்பியது. அது வந்து சேரப் பத்து நிமிஷம். அதை அடித்த பிறகு இன்னொரு அப்டேட். அறுபத்துநாலு வீதத்தில் வந்து அப்படியே நின்றது. அண்ணை திரையைப் பார்த்து, "இழுத்து எடடா, மேட்டிலையோ நிக்கிறாய்?" என்று கெஞ்சினார். மணி ஆறு. மகளிடமிருந்து போனும் இல்லை. அண்ணை போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

ஆறு ஐந்துக்குக் கேம் திறந்தது.

ஏதோ ஒரு வெளிநாட்டு நகரம். தரிப்பிடத்தில் ஒரு பஸ். சனம் எல்லாம் ஏறி இருந்தது, விளக்கு எரிந்தது, எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. நான் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளி, "ஓட்டுங்கோ அண்ணை," என்றேன்.

"நான் எப்பயடா ஓடினனான்? என்னைப் பின் வாசலிலை ஏத்தி விடு."

ஏற்றிவிட்டேன். ஹெட்போனைப் போட்டதும் ரொறன்ரோவிலிருந்து ஒரு கரகரத்த குரல் எனக்கும் கேட்கிற அளவுக்கு வந்தது.

"எடேய்! எங்கை துலைஞ்சனி? ஒரு மணித்தியாலமா எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு இருக்கிறன்!"

"நீங்கள் எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே அண்ணை!"

"நீ றைற் சொல்லாமல் நான் எண்டைக்கடா எடுத்தனான்?"

றைற் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பவும் போட்டார். பிறகு என் மேசையில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "றைற்ற்ற்!" என்று விட்டார் பாருங்கள், வெளியே வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்த லொறிக்காரன் லொறியை எடுத்துவிட்டான். சாக்குத் தூக்கிய ஆள் சாக்கோடு பின்னால் ஓடினார்.

இங்கே பஸ்ஸும் அசைந்தது. முதல் வளைவிலேயே எதிலோ உரசியது.

"இடப்பக்கம் பாருங்கோ அண்ணை!"

"நீ உன்ரை வேலையைப் பார்!"

அதற்குப் பிறகு ஒரு சனியும் தவறவில்லை. லோஞ்சர்களும் தவறவில்லை. கிழமைக்கு ஒரு அப்டேட், கிழமைக்கு ஒரு கேள்வி. அதனால் சனிக்கிழமைகளில் நான் மூன்றரைக்கே மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு, அவற்றின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, வான்களையும் பஸ் என்று ஒப்புக்கொண்டு விடுவேன். அண்ணைக்கு இது தெரியாது. கொம்பியூட்டருக்கு இப்போது புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறார்.

நினைக்கட்டும். அவர் படியேறி வரும்போது பஸ் வந்து நிற்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.