வரவேற்புரையோடு ஓடிய மோட்டார்

கம்ப்யூட்டர் சிப் செய்யத் தெரிந்த நாடுகள் உலகில் பல உண்டு. அதற்கு மரியாதை கற்றுக்கொடுத்த ஊர் திண்டுக்கல் ஒன்றுதான். அந்தப் பெருமையில் மக்கள் தொடர்பு அதிகாரியாகிய எனக்கும் சிறு பங்கு உண்டு.

எங்கள் நிறுவனம் தோட்டம் நனைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டி ஒன்றைச் செய்தது. உள்ளே ஒரு சிப். அது எந்த வேலையில் இருந்தாலும் நொடிக்கொரு தரம் தட்டிக் கூப்பிட 'டைமர் இன்டரப்ட்' என்று ஓர் ஏற்பாடு. கூப்பிட்டதும் சிப் கைவேலையை வைத்துவிட்டு வந்து, கணக்கில் ஒரு நொடியைக் கூட்டிவிட்டுத் திரும்பிவிடும். புரோகிராமர் நாகஜோதி இதை இரண்டே வரியில் எழுதியிருந்தார். அந்த வறட்சியைக் கண்டு இயக்குநர் பொன்னழகு மனம் நொந்துபோனார்.

"நொடிக்கொரு தரம் வந்துட்டுப் போகுது, ஒரு வணக்கம்கூடச் சொல்லலையேம்மா?"

"வந்த சோலிய முடிச்சிட்டு உடனே போயிரணும் சார். அங்கன நின்னு பேசுனா மத்த வேலை நடக்காது."

"வணக்கத்துல நம்ம கம்பெனித் தலைவர் பேரை விட்டுட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"ஒண்ணும் ஆகாது சார். சேத்தாத்தான் மோட்டார் நிக்காது."

இந்த அநாகரிகமான பதிலை நான் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை. இன்டரப்ட் வரும்போதெல்லாம் தலைவர், முன்னிலை வகித்தோர், புரவலர்கள் பெயர்கள் பெட்டியின் திரையில் ஓட வேண்டும் என்று ஏகமனதாக முடிவானது. யாருக்குப் பின் யார் என்பதற்கு ஒரு துணைக்குழு. நாகஜோதி மறுத்ததால் இயக்குநரின் மருமகனே உட்கார்ந்து தட்டினார். கடைசியில் என் பெயரையும் போட்டார், நல்ல பிள்ளை.

முதல் பெட்டி தாடிக்கொம்பில், செபாஸ்தியம்மாளின் சின்ன வெங்காயத் தோட்டத்தில் ஏறியது. பிடுங்கும் பருவம்; மண் இளக ஒரு நனைப்பு போதும். பெட்டியை நம்பி மோட்டாரைப் போட்டுவிட்டு, அவர் வத்தலக்குண்டில் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார்.

திரையில் வரவேற்புரை தொடங்கியது. பட்டியல் முடியுமுன்பே அடுத்த நொடி வந்து காத்திருந்தது. முடிந்த கையோடு மறுபடியும் தலைவரிலிருந்து ஆரம்பம். மண் நனைந்ததா என்று பார்க்கச் சிப்புக்கு நேரமே கிடைக்கவில்லை. அம்மா திரும்பி வந்தபோது கிணறு காலி, வெங்காயம் தண்ணீருக்குள்.

ஆய்வுக் கூட்டத்தில் வரவேற்புரை முடியவே சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. செபாஸ்தியம்மாள் எழுந்தார்.

"ஏப்பு, அம்புட்டுப் பேருக்கும் வணக்கம் சொல்லிட்டீக. இந்த வருசம் எங்க வீட்டு அடுப்பு எரியறதே அந்த வெங்காயத்த நம்பித்தான். மோட்டார யாருப்பா நிப்பாட்டுவா?"

இயக்குநரின் கண் கலங்கியது. "பெரிய தப்பு நடந்துபோச்சு. அம்மா பேரை நாம சேக்கவே இல்லையே!"

'பாதிக்கப்பட்ட விவசாயி' என்று தலைவருக்கு அடுத்து அவர் பெயரைச் சேர்க்கத் தீர்மானம் நிறைவேறியது. பலத்த கைத்தட்டல். பொன்னாடை வந்தது.

"துண்ட நீங்களே வச்சுக்கங்க. மோட்டாருக்குப் பதில் சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

பதில் சொல்ல நாகஜோதி எழுந்தார். நிகழ்ச்சி நிரலில் அவருக்கு இடமில்லை என்று நான்தான் உட்காரவைத்தேன். முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆக, மரியாதையில் எங்களை மிஞ்ச ஆளில்லை. வெங்காயம்தான் அழுகிவிட்டது. அழுகவிட்டவர்கள் யார் யார் என்பதை எவரும் விசாரித்து அலைய வேண்டியதில்லை. தாடிக்கொம்புத் தோட்டத்துப் பெட்டியின் திரையில் பதவி வாரியாக ஓடிக்கொண்டிருக்கிறது.