நொடிக்குத் தொண்ணூற்றாறாயிரம் இழை

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காவின் கணவன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நீ அனுப்பிய கறுப்புப் பெட்டியும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் நீ வேலை பார்க்கும் ஒலிப்பதிவுக் கூடமும் அவ்வாறே இருக்க விரும்புகிறேன்.

சாமான்கள் ஒன்றும் உடையாமல் வந்து சேர்ந்தன. எண்களை ஓசையாக்கும் பெட்டி, ஹெட்போன், பாட்டுகள் அடங்கிய டிரைவ், எல்லாம் சரி. ஒவ்வொரு பாட்டும் இரண்டு கோப்பாக இருந்தது: எம்பி3 ஒன்று, அதைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும் ஃப்ளாக் ஒன்று. கூடவே, இருபத்து நாலு பிட், தொண்ணூற்றாறு கிலோஹெர்ட்ஸ் என்று ஒரு துண்டுத்தாள். நான்கு முறை படித்தும் மண்டையில் ஏறாமல் உனக்குப் போன் செய்தேன். "ஒரு நொடிக்குள்ள ஓசையை எத்தனை தடவை அளக்கிறோம்ங்கிறது ஹெர்ட்ஸ், மச்சான். ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமா குறிச்சு வைக்கிறோம்ங்கிறது பிட்" என்றாய். நெசவாலையில் முப்பத்திரண்டு வருடம் தறி பழுதுபார்த்தவனுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டுமா? அங்குலத்துக்கு எத்தனை இழை என்பது முதலாவது, சாயத்தில் எத்தனை சாயல் என்பது இரண்டாவது. எம்பி3 என்பது, யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை என்ற தைரியத்தில் நடுநடுவே இழையை உருவிவிட்ட துணி. ஃப்ளாக் என்பது ஓர் இழையும் போகாமல் மடித்துக் கட்டிய துணி, பிரித்தால் முழுசாக விரியும். இதை உன் அக்காவிடம் விளக்கினேன். "சரி, காயப்போட்ட துணியை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

அன்று மதியம் மூன்று மணிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு பெண் தனியாக வயலின் வாசிக்கும் பெரிய கோப்பைப் போட்டேன். முதல் சுரத்துக்கு முன்னால் அவள் மூச்சு இழுத்தாள். மச்சான், எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆலையில் சத்தம் நின்றால் ஏதோ கோளாறு என்று ஓடுவோம், அதனால் நிசப்தம் என்றாலே எனக்குப் பயம்தான். இந்த நிசப்தமோ நனைந்த பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அறையே தெரிய ஆரம்பித்துவிட்டது. உயரமான கூரை. பாதி திறந்த சன்னல். வெளியே யாருக்கும் தொந்தரவு இல்லாமல் ஒரு மழை. ஆளில்லாத ஒரு நாற்காலி எனக்காகவே போட்டிருந்த மாதிரி தோன்றியது, போய் உட்கார்ந்துகொண்டேன். அப்படியே தினமும் போய்வர ஆரம்பித்தேன்.

நான் அங்கே இருந்த சமயங்களில் இங்கே சில விஷயங்கள் நடந்துவிட்டன. ஒருநாள் உன் அக்கா கடைக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளச் சொன்ன பால் அடுப்பில் பொங்கி வழிந்து, பாத்திரம் கருகி, புகை வந்து, கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டோ தட்டென்று தட்டியிருக்கிறார். நான் புகையைப் பார்த்து, ஹெட்போனோடு எழுந்து ஓட, வயர் நாற்காலிக் கையில் மாட்டி, பெட்டி என் பின்னாலேயே வந்து, பூச்சட்டி உடைந்து, பெட்டி மட்டும் தப்பியது. உன் அக்கா கடையிலிருந்து வந்து எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். "எங்கேயோ ஒருத்தி மூச்சு விடறது கேக்குது. வீட்ல ஒருத்தி கத்தறது மட்டும் கேக்கலையா?" என்றாள். மறுநாளே காது டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய்விட்டாள்.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முதலில் அமுக்கினேன். அப்புறம் வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. பரீட்சை முடிந்துவிட்டது என்று நினைத்து வெளியே வந்தால், பாதிதான் முடிந்திருந்தது. "ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல போற கீச்சுச் சத்தம் உங்களுக்கு ஒண்ணும் கேக்கலைங்க ஐயா. தறிச் சத்தம் பண்ண வேலை. ஒரு கருவி போட்டா பேச்சு நல்லா கேக்கும்" என்றார் டாக்டரம்மா. அளக்கிற தடவையில் பாதி வரைக்கும் ஓசை பதியும் என்று நீ போனில் சொன்னாயே, அந்தக் கணக்கில் என் கோப்பில் நாற்பத்தெட்டாயிரம் வரை இருக்கிறதே என்று கேட்டேன். அவர் சிரிக்காமல், "அது வௌவாலுக்குக் கேக்கும்" என்றார். கருவியெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு நாள் ஹெட்போனைத் தொடவில்லை. வௌவாலுக்கு நெய்த துணியை நான் போர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறேனே என்று ஒரே கூச்சமாகப் போய்விட்டது.

மூன்றாம் நாள் உன் அக்காவே வந்து, "பரீட்சை வெச்சுப் பாத்துடலாமா?" என்றாள். நான் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அவள் பெரிய கோப்பையோ சின்னக் கோப்பையோ போடுவாள், எது என்று நான் சொல்ல வேண்டும், பத்து கேள்வி. முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஒரு பிள்ளைக்கும் அரை மார்க்கு சும்மா போடாதவள் அவள். மச்சான், பத்துக்குப் பத்து. மறுநாளும் பத்துக்குப் பத்து. ஐந்து நாள் ஐம்பது கேள்வி, ஒன்றுகூடத் தப்பவில்லை. பெரியது வந்தால் அந்தச் சன்னல் திறக்கும், மழை கேட்கும். சின்னது வந்தால் யாரோ சன்னலைச் சாத்திவிட்ட மாதிரி இருக்கும். ஆகவே நீ ஒலித்துறை நிபுணன் என்ற முறையில் அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கிலோஹெர்ட்ஸில் ஏதாவது இருந்தால் அனுப்பவும் வேண்டும். என் காது இப்போது தொண்ணூற்றாறைத் தாண்டத் தயாராக இருக்கிறது.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியில்லாமல், இழை அறாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுகிறேன். கடிதத்தைத் தபாலில் போட என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். ஐந்து நாளும் நான் சின்னக் கோப்பை மட்டும்தான் போட்டேன். அவர் எதைச் சொன்னாலும் சரி என்று குறித்தேன். டாக்டரிடமிருந்து வந்தபின் இரண்டு நாள் அவர் சன்னலோரமே நின்றதை நீ பார்க்கவில்லை. பரீட்சை ஆரம்பித்தபிறகு தினமும் மார்க்குக் கேட்க என் எதிரில் உட்கார்ந்து, நான் பேசப்பேச என் முகத்தையே பார்க்கிறார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை. நேற்று அவர் கண்ணயர்ந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பெரிய கோப்பை நானே கேட்டேன். அந்தப் பெண் மூச்சு இழுப்பது இருக்கிறது. மழை இல்லை. அது அவராகவே பெய்யவைத்துக்கொண்டது. புதன்கிழமை அவருக்குக் காதுக்கருவி பொருத்துகிறார்கள். அது போட்டால்தான் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சரியாகக் கேட்கும் என்று நீ சொன்னதாகச் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறேன். போனில் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடு. கொஞ்சம் சத்தமாகச் சொல்.