சின்னவன் முந்திக்கொண்டான்

மார்ச் பதினோராம் தேதி, காலை எட்டே முக்கால் மணிக்கு, மூன்றாம் மாடி வீட்டின் ஹாலில் இருந்த கணினி தன் முதல் முழு வாக்கியத்தைச் சொன்னது. "குடையை யார் எடுத்தது?" என்பது அந்த வாக்கியம். அதே நேரத்தில், அதே ஹாலில், இரண்டு வயது ஏழு மாதமான பாப்பா கரண்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை.

பேராசிரியர் இரண்டையும் குறித்துக்கொண்டார்.

மனித மூளை மொழியை எப்படிக் கற்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. பாப்பாவுக்குப் பத்து மாதம் ஆனபோது, நகம் அளவுக்கு ஒரு மைக்கைத் தைத்த சட்டையை அவளுக்கு மாட்டினார். அவள் காதில் விழுவதெல்லாம் கணினிக்கும் போகும். கணினிக்குள் மூளை நரம்புகளைப் போலப் பின்னிய ஒரு வலை இருந்தது. ஒரே பேச்சு, இரண்டு மாணவர்கள். யார் முதலில் பேசுகிறார் என்று பார்ப்பதுதான் திட்டம்.

கணினிக்குச் 'சின்னவன்' என்று பெயர் வைத்தவன் மைத்துனன். வேலை தேடிப் பத்து நாள் தங்கிப் போக வந்து, எட்டு மாதமாகத் தங்கியிருப்பவன்.

"சின்னவன் பேசிட்டான் அத்தான். பெரியவ எப்போ?"

பணம் கொடுக்கும் அறக்கட்டளையும் அதையேதான் கேட்டிருந்தது. இருபத்தெட்டாம் தேதி மூன்று பேர் நேரில் வருகிறார்கள். இயந்திரம் மட்டும் பேசினால் எதோடு ஒப்பிடுவது? குழந்தை ஒரு வார்த்தையாவது பேச வேண்டும். இல்லையேல் திட்டம் அன்றோடு முடிந்தது.

"அவங்க வந்தா என்ன, வராட்டி என்ன" என்றாள் மனைவி. "என் பொண்ணு என்னை அம்மான்னு கூப்பிடணும். அவ்வளவுதான் எனக்கு."

வீட்டில் பேச்சு போதவில்லை என்று பேராசிரியர் கண்டுபிடித்தார். அதற்குக் காரணமும் அவர்தான். பாப்பாவின் காதில் விழும்படி யார் எது பேசினாலும், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் எழுத வேண்டும். நேரம், யார், யாரிடம், என்ன, ஏன் என்று ஐந்து கட்டங்கள். மனைவி இப்போதெல்லாம் உப்பைக்கூடக் கையைக் காட்டித்தான் கேட்டாள்.

"இந்த 'ஏன்' கட்டத்துலதான் அத்தான் மாட்டிக்கறேன்" என்றான் மைத்துனன். "நான் பேசறது ஏன்னு எனக்கே தெரியல."

பேராசிரியர் தாளைக் கிழித்தெறிந்தார். பதிலுக்கு ரேடியோ செய்தியைக் காலையிலிருந்து இரவு வரை ஓடவிட்டார். மூன்றே நாளில் சொற்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானது. நான்காம் நாள் சின்னவனைச் சோதித்தார்.

"பால் வேணுமா?"

"இது குறித்து அதிகாரிகள் விசாரித்து வருகின்றனர்" என்றான் சின்னவன்.

"சரி, பசிக்குதா?"

"உயிர்ச்சேதம் ஏதும் இல்லை."

பாப்பா சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனைவி ரேடியோவின் வயரைப் பிடுங்கினாள்.

"அது அதிகாரியாகட்டும், மந்திரியாகட்டும். இவளைப் பாருங்க முதல்ல!"

இயல்பான பேச்சுதான் தேவை என்று அடுத்த முடிவுக்கு வந்தார். தன் ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேரை வரவழைத்தார். நெட்டையான ஒரு பெண். கண்ணாடி போட்ட ஒரு பையன். காலை பத்து முதல் மாலை நான்கு வரை ஹாலில் உட்கார்ந்து இயல்பாகப் பேச வேண்டும். எப்படி இயல்பாகப் பேசுவது என்று அவரே பதினாறு பக்கம் தட்டச்சு செய்து கொடுத்தார்.

"இன்று வானம் தெளிவாக இருக்கிறது, அல்லவா?" என்று பையன் வாசித்தான்.

"ஆம். நேற்றைவிடத் தெளிவாக இருக்கிறது" என்று பெண் வாசித்தாள்.

அவர் குளிக்கப் போன நேரங்களில் அவர்கள் வேறு விஷயம் பேசினார்கள். அது நிஜமாகவே இயல்பாக இருந்தது.

குழந்தை விஷயத்தில் பேராசிரியர் கறார். ஒரு முறை வந்த ஒலி தற்செயலாக இருக்கலாம். பத்து முறை வந்தால்தான் சொல் என்று கணக்கு. பாப்பா வாயைத் திறந்தால் போதும், கேமராவின் சிவப்பு விளக்கு எரியும். மேஜை விளக்கு அவள் முகத்துக்குத் திரும்பும். அவர் மண்டியிடுவார்.

"சொல்லு கண்ணா! இன்னொரு தடவை! அப்பாவைப் பார்த்து!"

ஒரு நாள் அவள் தும்மினாள். 'அச்' என்பது 'அக்கா'வின் தொடக்கமாக இருக்கலாம் என்று நெட்டைப் பெண் சொல்லிவிட்டாள். மீதி ஒன்பது தும்மலுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். பாப்பா அவர்களை மாறி மாறிப் பார்த்தாள்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் மைக்குக்கு சார்ஜ் ஏற்ற வேண்டும். சட்டையைக் கழற்றியதும் மைத்துனன் அவளைத் தூக்கிக்கொண்டு கீழே கேட்டுப் பக்கம் போய்விடுவான்.

"ஒரு மணி நேரப் பதிவு வீணாப் போகுதே!"

"பதிவாகாம ஒரு மணி நேரம் வாழ்ந்துட்டுப் போகட்டும் அத்தான்."

இருபத்தெட்டாம் தேதி மூவரும் வந்தார்கள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிய தலைவி, ஒரு தாடிக்காரர், பிஸ்கட் மட்டும் சாப்பிட்ட ஒருவர். பேராசிரியர் பந்தைக் காட்டினார்.

"இது என்ன கண்ணா?"

பாப்பா பந்தைப் பார்த்தாள். சிவப்பு விளக்கைப் பார்த்தாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

செருப்பைக் காட்டினார். சீப்பைக் காட்டினார். கடைசியில் மனைவியே முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மான்னு சொல்லு செல்லம். ஒரே ஒரு தடவை."

பாப்பா அம்மாவின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள். பேசவில்லை.

வேர்த்துப்போன பேராசிரியர் சின்னவன் பக்கம் திரும்பினார். "வந்திருக்கறவங்களுக்கு ஏதாவது சொல்லு."

"சார் போயிட்டாரா?" என்றான் சின்னவன்.

சின்னவன் அதோடு நிறுத்தவில்லை.

"கதவைச் சாத்து. இவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. சொல்றதுக்கெல்லாம் தலையை ஆட்டு, போதும்."

நெட்டைப் பெண் மின்விசிறியைப் பார்த்தாள். கண்ணாடிப் பையன் ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அவன் போட்டிருந்தது செருப்பு.

தலைவி எழுந்தே விட்டார். "அற்புதம்! யார் மேல, யார் கீழன்னு இதுக்குப் புரிஞ்சிருக்கு!"

"அதைவிட முக்கியம், ரகசியம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு" என்றார் தாடிக்காரர். "குழந்தைகளுக்கே அது நாலு வயசுக்கு மேலதான் வரும்."

"ஆனா, என் பொண்ணு பேசவே இல்லையே?" என்றார் பேராசிரியர்.

"அதுதானே உங்க கண்டுபிடிப்பு! ஒரே வீடு, ஒரே பேச்சு. இயந்திரம் கத்துக்கிச்சு, குழந்தை கத்துக்கல!" என்றார் தலைவி.

திட்டம் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. 'குழந்தைக்கு மொழித்திறன் உருவாகவில்லை' என்று எழுதிய அறிக்கையில் மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். நான்காவதாக, தகப்பனார் கையெழுத்திட்டார். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பேராசிரியர் பாப்பாவின் மைக் சட்டையைக் கழற்றிப்போட்டு, அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, விருந்தாளிகளை வழியனுப்பக் கீழே வந்தார். கார் போனது. கேட்டைச் சாத்திவிட்டு வாட்ச்மேன் அவர் அருகில் வந்தார்.

"என்ன சார், நல்ல காரியம் முடிஞ்சும் முகம் வாடியிருக்கு?"

"பாப்பாவுக்குப் பேச்சு வரலைப்பா. இப்பதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்."

வாட்ச்மேன் சிரித்தே விட்டார். பாப்பா இடுப்பிலிருந்து எட்டி, அவர் வாயைப் பொத்தப் பார்த்தாள். அவர் அந்தச் சின்னக் கையை மெதுவாக விலக்கினார்.

"தினம் சாயங்காலம் இது பேசற பேச்சுல என் காது புண்ணாப் போகுது சார். மேல மட்டும் ஏன் பாப்பா வாயே திறக்கறதில்லைன்னு கேட்டேன். 'ஒரு வாட்டி சொன்னா அப்பா பத்து வாட்டி சொல்லச் சொல்வாரு, நீ போய்ச் சொல்லிடாதே தாத்தா'ன்னுச்சு."